ஃபார்மட் போடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மேலகரத்தில் இருபத்திரண்டு வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், போட்டோ ஆல்பம் என்று பலதும் என் மேசையிலிருந்துதான் அச்சகத்துக்குப் போகும். உங்கள் கடைகளில் கீபோர்டு வாங்கியிருக்கிறேன், பிரிண்டருக்கு மை வாங்கியிருக்கிறேன், சிலரோடு ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டியும் இருக்கிறேன். இதை ஒரு கடைக்கு மட்டும் எழுதியிருந்தால் சண்டையாகிவிடும். எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன், முறையீடாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு சிஸ்டம் தந்த கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் செய்ததைத்தான் மற்றவர்களும் செய்கிறீர்கள் என்று பிறகு நாலு பேரிடம் விசாரித்தபோது தெரிந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வைகாசிக் கடைசியில் புது சிஸ்டத்துக்குச் சொல்லிவைத்தேன். பழைய மிஷின் பத்து வருஷம் உழைத்து ஓய்ந்துவிட்டது. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் லாட்ஜ் போர்டு, ஹோட்டல் மெனு கார்டு என்று எங்களுக்கும் சீசன்தான். அதற்கு முன்னால் வேண்டும் என்று அவசரப்படுத்தியது நான்தான், அதை மறைக்கவில்லை. 16 ஜிபி ராம், எட்டு எட்டாக இரண்டு ஸ்டிக். சொன்ன தேதிக்கு ரெடி. கடையில் ஆன் செய்து காட்டினார்கள். விண்டோஸ் வந்தது, யூடியூபில் ஒரு பாட்டு ஓடியது, போட்டோஷாப்பைத் திறந்து மூடினார்கள். "பக்காவா இருக்குக்கா" என்றார் தம்பி. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், ஆல்பம் வேலையாக முப்பது படங்களைத் திறந்து வைத்திருந்தபோது திரை நீலமானது. ஒரு சோக முகம், கீழே 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று ஒரு வரி. அந்த வரி வந்தாலே ராம்தான் கெட்டது என்று அர்த்தமில்லை, டிரைவர் கோளாறிலும் வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று மிஷினே கைகாட்டிய இடம் அது. அந்த வரியைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். யாரும் அதைப் படிக்கவில்லை.

"ஓஎஸ் கரப்ட் ஆயிட்டுக்கா. ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்." அடித்தார்கள். நாலு நாளில் மறுபடி நீலம், இந்த முறை வேறு வரி. "பென்டிரைவ் எதுவும் போட்டீங்களாக்கா? வைரஸா இருக்கும்." இரண்டாவது ஃபார்மட். மூன்றாவது முறை போனபோது, "உங்க பக்கம் கரண்டு ஏறி இறங்குதுக்கா, ஒரு யுபிஎஸ் வாங்கிப் போட்டுருங்க" என்றார்கள். வாங்கினேன். கரண்டு நிஜமாகவே ஏறி இறங்கும் ஊர்தான், அதனால் அந்தப் பணத்துக்கு நான் வருத்தப்படவில்லை. நீலத்திரை மட்டும் நிற்கவில்லை. நான்காவது முறை ராம் ஸ்டிக்கைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் அதன் தங்க முனைகளைத் தேய்த்து மாட்டித் தந்தார்கள். மூன்றாவது ஃபார்மட்டும் அன்றைக்கே ஆயிற்று. ஐந்தாவது முறைதான் எனக்கு உறைத்தது. "நீங்க எதையாவது தப்பா அமுக்கியிருப்பீங்கக்கா."

இருபத்திரண்டு வருஷமாக அமுக்கிக்கொண்டிருக்கிறேன், தம்பிகளே. என் இடத்தில் ஒரு ஆண் இதே சிஸ்டத்தைக் கொண்டுவந்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்குமா என்று அன்றைக்கு பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அது வேறு கடிதத்துக்கான விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி கோயம்புத்தூரில் இருக்கிற என் அண்ணன் மகனுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அத்தை, மெம்டெஸ்ட் போட்டுப் பார்த்தாங்களா?" அப்படி ஒரு பெயரையே எனக்கு யாரும் சொன்னதில்லை. அவன் சொல்லச் சொல்ல மெம்டெஸ்ட் 86 பிளஸ்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து மிஷினைக் கிளப்பியபோது மணி ஒன்பதரை. பத்தடிக்குமுன் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. இரண்டு ஸ்டிக்கில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். விடிய விடிய ஓடியது, ஒரு சிவப்பும் இல்லை. மறுநாள் அதை எடுத்துவிட்டு, மற்றதை அதே ஸ்லாட்டில் போட்டு ஓட்டினேன். இருபது நிமிஷத்தில் சிவப்பு. ஸ்லாட் ஒன்றே, ஸ்டிக் மட்டும் மாறியது, கோளாறும் ஸ்டிக்கோடு வந்தது. விசாரணை அவ்வளவுதான். இருபத்துமூன்று நாளும் ஐந்து நடையும் மூன்று ஃபார்மட்டும் ஒரு யுபிஎஸ்ஸும் கண்டுபிடிக்காததை, ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடிக்கவே பயந்த ஒருத்தி இரண்டு ராத்திரியில் கண்டுபிடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கே முடிந்தது என்றால் உங்களுக்கு எவ்வளவு சுலபம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்டிக்கை மாற்றித் தந்துவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நீலத்திரையாவது விழும்போது சத்தம்போட்டு விழுகிறது. சத்தமில்லாமல் நடந்த சேதம் ஆடி மாசம்தான் தெரியவந்தது. புது மிஷின் வந்த முதல் வாரத்திலேயே பழைய ஹார்டுடிஸ்கில் இருந்த பத்து வருஷ வேலையை இதற்கு மாற்றியிருந்தேன். எண்ணிக்கை சரி, அளவு சரி என்று பார்த்துவிட்டுப் பழையதை அழித்துவிட்டேன். அழித்தது என் புத்தி, அந்தப் பழியை உங்கள் மேல் போடமாட்டேன். ஆனால் ஒரு ஃபைல் ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ராம் வழியாகத்தானே போகிறது? அங்கே ஒரு இடம் கெட்டிருந்தால், உள்ளே போன எழுத்து வேறாக வெளியே வரும். பெயர் மாறாது, அளவு மாறாது, தேதி மாறாது. திறந்து பார்த்தால் கல்யாண போட்டோவில் மணப்பெண்ணின் கழுத்துக்குக் கீழே சாம்பல் பட்டை. ஜிப் ஃபைல் பிரியமாட்டேன் என்கிறது. எங்கள் ஊர் வாத்தியார் ஒருவரின் மணிவிழா மலர், நூற்றிருபது பக்கம், ஃபைல் திறக்கவே இல்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் வீட்டார் மறுபதிப்புக்குக் கேட்டு வந்தபோதுதான் இது தெரிந்தது. அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று தடவை போட்ட ஃபார்மட் ஏன் வீண் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸை ஏற்றும்போதும் ஒவ்வொரு ஃபைலும் அதே கெட்ட ராம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. நோயைத் தீர்க்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் நோயோடு ஒரு புது விண்டோஸைப் பெற்றெடுத்தீர்கள்.

"கடையில நல்லாத்தானே ஓடிச்சு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, அதற்குப் பதில் தெரிந்துகொள்ள நான் கொஞ்சம் படித்தேன். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றைக்கும் நம் ராமுக்குள் இருக்கிறது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி. மின்தேக்கி என்பது ஒழுகுகிற குடம். நிரப்பிவிட்டுச் சும்மா இருந்தால் வடிந்துபோகும். அதனால் டிடிஆர் 4இல் 64 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று, டிடிஆர் 5இல் 32 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று, எல்லாக் குடங்களையும் பார்த்து, நிரம்பியிருந்தவற்றைத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 16 ஜிபியில் இப்படி 13,743 கோடிக் குடங்கள். அதில் ஏதோ ஒன்று மற்றதைவிடச் சீக்கிரம் வடிந்தால் போதும், அல்லது பக்கத்துக் குடத்தில் ஊற்றும்போது இதில் சிந்தினால் போதும். சூடு ஏற ஏற வடிகிற வேகமும் கூடும். ஆகவே காலையில் நன்றாக இருந்த மிஷின் மத்தியானம் விழும்.

உங்கள் கடை மேசையில் விண்டோஸும் ஒரு பாட்டும் ஓடும்போது மூன்று, நாலு ஜிபிதான் நிரம்புகிறது. கெட்ட குடம் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் யாருக்கும் தெரியாது. என் வீட்டில் ஆல்பம் வேலை பன்னிரண்டு ஜிபியைத் தாண்டும்போது அதன் முறை வருகிறது. மாசி மாசம் வறண்டு கிடக்கிற பாறையைப் பார்த்துவிட்டு, ஆடியில் ஐந்தருவியில் வழுக்காது என்று எழுதிக்கொடுப்பது மாதிரிதான் உங்கள் 'பக்காவா இருக்கு'.

உங்களை மட்டும் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் இது நடந்தது. புதுப் பதிப்புக்கான வேலை உச்சத்தில் இருந்த நேரம், அவருடைய மிஷினில் வேலை நடுநடுவே உடைந்துகொண்டிருந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டது மென்பொருளைத்தான். கடைசியில் ஒரு ராம் ஸ்டிக் கெட்டிருந்தது, வேறு ஸ்டிக் வந்து சேரும்வரை லேப்டாப்பில் வேலை பார்த்தார். 2009இல் கூகுள்காரர்களும் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கூகுளின் சர்வர்களை இரண்டரை வருஷம் கவனித்ததில், ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எட்டு ஸ்டிக்குக்கும் மேல் ஏதாவது ஒரு பிழையைக் காட்டியிருக்கிறது. சர்வரில் இசிசி என்ற காவல் உண்டு, பிழை வந்தால் பிடித்துத் திருத்தும். நீங்கள் எங்களுக்குப் போட்டுத் தருகிற ஸ்டிக்கில் அந்தக் காவல் இல்லை. டிடிஆர் 5 சிப்புக்குள்ளேயே ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகிற வழியில் நடப்பதை அது பார்க்காது.

இதெல்லாம் ஆல்பம் போடுகிறவளின் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் பொருத்திய மிஷின்கள் இ-சேவை மையங்களில் இருக்கின்றன, வக்கீல் ஆபீஸில் இருக்கின்றன, ஸ்கேன் சென்டரில் இருக்கின்றன, பாவூர்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடைகளில் கணக்கு எழுதுகின்றன. பெல்ஜியத்தில் 2003 தேர்தலில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்குக் கூடுதலாக 4,096 ஓட்டு விழுந்திருந்தது. அவருக்கு விழக்கூடிய ஓட்டுக்கு மேலே கணக்கு போய்விட்டதால்தான் கண்டுபிடித்தார்கள். மெமரியில் ஒரே ஒரு பிட் தானாக மாறியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒன்றை இரண்டால் பன்னிரண்டு தடவை பெருக்கிக்கொண்டே போனால் 4,096 வரும், பதின்மூன்றாவது பிட்டின் மதிப்பு அது. நம் ஊர்க் கமிஷன் கடைக் கணக்கில் ஒரு பிட் மாறினால் அதைப் பிடிக்க அப்படி ஒரு வரம்புகூட இல்லை.

இனி, நீங்கள் செய்வதில் எனக்கு உடன்பாடில்லாத சிலவற்றைப் பேசிவிடுகிறேன்.

முதலில் அந்த ரப்பர். ரப்பரைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் இல்லை நான். நம் ஊரில் ஆனி முதல் புரட்டாசி வரை காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. குற்றாலத்தில் லாட்ஜ் வரவேற்பறையில் ஐந்து வருஷம் ஓடிய மிஷினுக்கு முனைகளில் அழுக்கும் ஈரமும் படிந்திருக்கும், துடைத்தால் உயிர் வரும். ஆனால் போன வாரம் கவரைப் பிரித்து மாட்டிய ஸ்டிக்கில் என்ன துரு? ரப்பர் போட்டதும் சரியானது என்று நீங்கள் நினைக்கிற பல தடவை, கழற்றி மாட்டியதில்தான் சரியாகியிருக்கும். முதல் முறை இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழுகிறவரை அழுத்தாமல் விட்டிருப்பீர்கள். ரப்பர்த் தூள் ஸ்லாட்டுக்குள் விழுவதும், மெல்லிய தங்கப் பூச்சு தேய்வதும்தான் மிச்சம். துடைத்தே ஆகவேண்டும் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ராமின் வேகத்தைக் கூட்டுகிற எக்ஸ்எம்பி. ஏஎம்டி பக்கம் எக்ஸ்போ என்கிறார்கள். பெட்டியில் 3600 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, கஸ்டமரும் அதைத்தான் கேட்கிறார், பயாஸில் அதை ஆன் செய்துவிடுகிறீர்கள். ஜெடெக் என்ற தர அமைப்பு டிடிஆர் 4க்கு வகுத்த உச்சமே 3200தான், 1.2 வோல்ட்டில். அதற்கு மேலே ஓட்டுவதெல்லாம் ஓவர்கிளாக், பெரும்பாலும் 1.35 வோல்ட். ஸ்டிக் தாங்கினாலும் போர்டும், பிராசஸருக்குள் இருக்கிற மெமரி கண்ட்ரோலரும் தாங்க வேண்டும். கேம் ஆடுகிற பையனுக்குச் செய்யுங்கள், அதையும் அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பத்திரிகை அடிக்கிற எனக்கும், கணக்கு எழுதுகிறவருக்கும் எதற்கு? எனக்கு மெதுவாக ஓடி விழாமல் இருந்தால் போதும். கோளாறு என்று மிஷின் திரும்பி வந்தால் முதலில் இதை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சிவப்பு நின்றுவிட்டால் ஸ்டிக் நல்லது, வேகம்தான் அதிகம். ஸ்டிக்கை மாற்ற வேண்டியதே இல்லை.

எந்த ஸ்லாட்டில் போடுவது என்பதிலும் கவனம் வையுங்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால், பொதுவாக பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். பக்கத்துப் பக்கத்தில் போட்ட மிஷின்களை நான் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். பிறகு ஒருவர் 'இன்னும் ராம் போட்டா வேகமா இருக்கும்' என்று கேட்டதும் வேறு கம்பெனி ஸ்டிக்குகளைச் செருகி நாலையும் நிரப்பிவிடுகிறீர்கள். ஏஎம்டி தன் ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக் போட்டால் 5200 வேகம் என்று ஏற்கிறது, நாலு போட்டால் 3600தான் என்கிறது. கம்பெனியே அவ்வளவு இறங்கி வருகிறது என்றால் நாலு ஸ்டிக் எவ்வளவு பாரம் என்று புரிந்துகொள்ளலாம்.

டிடிஆர் 5 போர்டில் இன்னொரு வேடிக்கை. முதல் தடவை ஆன் செய்ததும் போர்டு ஒவ்வொரு ஸ்டிக்கையும் அளந்து பழகிக்கொள்கிறது. ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் அதற்குச் சில நிமிஷம் ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். "டிஸ்பிளே வரலை" என்று பவரைப் பிடுங்கி, மறுபடி போட்டு, மறுபடி பிடுங்கி, போர்டே போச்சு என்று பார்சல் கட்டிய கதை எனக்குத் தெரியும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் போர்டில் டிராம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள், பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், ஒற்றை ஸ்டிக்கோடு முயலுங்கள்.

எல்லா ஸ்டிக்கும் நல்லதாக இருந்து, ஒரு பக்க ஸ்லாட்டில் மட்டும் கோளாறு வந்தால்? அப்போது பிராசஸர் சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். முன்பெல்லாம் மெமரியை மேய்க்கிற கண்ட்ரோலர் போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003இலும் இன்டெல் 2008இலும் அதை பிராசஸருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும், கூலரை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கினாலும், 'ராம் எடுக்கலை' என்றுதான் மிஷின் சொல்லும். 8 ஜிபி போட்டும் மூன்றேகால்தான் காட்டுகிறது என்று வருகிற கேஸ் வேறு, அங்கே 32 பிட் விண்டோஸைப் போட்டுவைத்திருப்பீர்கள். அதற்கு மட்டும் ஃபார்மட் சரியான வைத்தியம்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு சிஸ்டத்தில் உங்களுக்கு நிற்பது எவ்வளவு என்று நானும் ஓரளவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கஸ்டமர் ஆன்லைன் விலையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் உட்காருகிறார். பொருள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வர வேண்டும், கெட்டது திருநெல்வேலியோ மதுரையோ போய்த் திரும்ப வேண்டும், அதுவரை கஸ்டமரின் ஏச்சை நீங்கள்தான் வாங்க வேண்டும். அதோடு போன வருஷக் கடைசியிலிருந்து ராம் விலை ஏறுகிற ஏற்றம். ஏஐக்காக டேட்டா சென்டர் கட்டுகிறவர்கள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், கிருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. இந்த நேரத்தில் பழைய மிஷினில் கழற்றிய ஸ்டிக்கைத் துடைத்துப் புதிதில் போடுகிற ஆசை வரும். போடுங்கள், தப்பில்லை. பழையது என்று சொல்லி, விலையைக் குறைத்து, சோதித்துப் போடுங்கள். விலை ஏறின பொருளில் ஒன்று கெட்டால் எங்களுக்கு வலியும் ஏறித்தான் இருக்கிறது.

தென்காசிக் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கல்லில் என்ன வெட்டிவைத்தான் தெரியுமா? இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காக்கிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் இப்போதே பணிகிறேன் என்கிறான். அத்தனை செலவழித்துக் கட்டிய ராஜா, நான் கட்டியதில் குறையே வராது என்று எழுதவில்லை பாருங்கள். குறை வரும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டான். வரவும் செய்தது. ராஜகோபுரம் நெடுங்காலம் மொட்டையாகப் பிளந்து நின்று, 1990இல்தான் மறுபடி எழுந்தது. கெட்ட ஸ்டிக் உங்கள் குற்றமில்லை, தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 'எங்க மிஷின்ல பிரச்சனையே இருக்காதுக்கா' என்று சாதிப்பதுதான் உங்கள் குற்றம். உலகம் முழுக்க ஓடுகிற மென்பொருளை நம் பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதே வட்டாரத்தில் ஒரு ராம் ஸ்டிக்கைச் சோதிக்காமல் கொடுத்தால் நன்றாகவா இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இதுதான். அசெம்பிள் முடிந்ததும், விண்டோஸ் போடுவதற்கு முன்னால், அந்த மிஷினை ஒரு ராத்திரி மெம்டெஸ்டில் விட்டுவிட்டு ஷட்டரைப் பூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் தூங்குகிற நேரம்தான், உங்கள் வேலை ஒன்றும் கெடாது. செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருந்தால் அணைத்துவிட்டுப் பிறகு மறக்காமல் போட்டுவிடுங்கள். குறைந்தது நாலு சுற்று ஓடட்டும். எக்ஸ்எம்பி அணைத்திருந்தும் ஒரு சிவப்பு வரி வந்தாலே அந்த ஸ்டிக் வேண்டாம். 'ஒண்ணுதானேக்கா' என்று சொல்லாதீர்கள், இதில் பாஸ் மார்க் பூஜ்யம்தான். விண்டோஸிலேயே இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக் அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அதில் தேறியதால் மட்டும் ஒரு ஸ்டிக்கை நல்லது என்று விட்டுவிட முடியாது.

காலையில் கடை திறந்ததும் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து, சிஸ்டம் சொன்னவருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். பில்லில் '16 ஜிபி ராம்' என்று மட்டும் எழுதாமல் கம்பெனி பெயரையும் இரண்டு ஸ்டிக்கின் சீரியல் நம்பரையும் எழுதுங்கள். பல கம்பெனிகள் ராமுக்குப் பத்து வருஷமோ அதற்கு மேலோ வாரண்டி தருகின்றன. ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே திருப்பிக் கேட்கிற கம்பெனியும் உண்டு. நம்பர் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே போய் நிற்பது? எக்ஸ்எம்பி ஆன் செய்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இந்த ஒரு ராத்திரிக்கு இருநூறு ரூபாய் கூடக் கேளுங்கள், தருகிறேன். என்னை மாதிரி அவசரப்படுத்துகிறவள் வந்தால், "ஒரு நாள் பொறுங்கக்கா, ராம் செக் பண்ணாம தரமாட்டோம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

வருகிற சீசனுக்கு முன்னால் என் கடைக்கு இரண்டு சிஸ்டம் வாங்க வேண்டியிருக்கிறது. சித்திரைக் கடைசிக்குள் வந்தால் போதும். அந்தப் படத்தையும் சீரியல் நம்பர் எழுதிய பில்லையும் எந்தக் கடை தருகிறதோ அந்தக் கடையில்தான் வாங்குவேன், முதல் தடவை எனக்கு விற்ற கடையாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
மேலகரத்து டிடிபி அக்கா